புது கிராபிக்ஸ் கார்டு ரெடி... டிரைவர் ரெடியா? - அசோக் நகர் டு ரிச்சி ஸ்ட்ரீட் கைடு!

அசோக் நகர் மெட்ரோவில் ஏறி, ஆலந்தூரில் லைன் மாறி, அரசினர் தோட்டத்தில் இறங்கினால் பொடிநடையில் ரிச்சி ஸ்ட்ரீட் வந்துவிடும். யூடியூபில் ஒரு மாசம் ரிவ்யூ பார்த்திருப்பீங்க. கடை கடையா ஏறி இறங்கி விலை பேசியிருப்பீங்க. பார்ட் டைம் வேலையில் சேர்த்த காசு, அப்பாகிட்ட கெஞ்சி வாங்கின காசு எல்லாம் சேர்ந்து ஒரு டப்பாவாகக் கைக்கு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து மாட்டி ஸ்விட்சைப் போட்டால், திரை கறுப்பு! இல்லைன்னா ஐகான் எல்லாம் யானை சைஸில் தெரிகிறது. அதுவும் இல்லைன்னா, கேம் திறந்த ரெண்டாவது நிமிஷம் டெஸ்க்டாப்புக்குத் திரும்பிவிடுகிறது.

'டூப்ளிகேட் கார்டைத் தலையில கட்டிட்டான்' என்று கடைக்குச் சண்டைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். பல நேரம் குற்றவாளி கார்டு இல்லை, டிரைவர். டப்பாவுக்குள் நீங்க வாங்கி வருவது பாதி கார்டுதான். மீதிப் பாதி, அதை இயக்கும் டிரைவர் என்கிற சாஃப்ட்வேர். வாங்கும் முன், மாட்டும் முன், மாட்டிய பின் என மூன்று கட்டத்திலும் அதை எப்படிக் கையாளணும்? வாங்க, பார்த்துடலாம்.

டிரைவர் அப்படி என்னதான் செய்யுது?

'இந்தச் சுவரில் சாயங்கால வெயில் விழற மாதிரி வரை' என்று கேம் கேட்கிறது. கார்டில் இருக்கும் சிப்புக்கு அந்தப் பேச்சு புரியாது. அதற்கென்று தனிக் கட்டளைகள் உண்டு. ஒவ்வொரு தலைமுறை சிப்புக்கும் அது மாறும். கேம் கேட்பதை அந்தச் சிப்புக்கான கட்டளையாக மாற்றிக் கொடுப்பது டிரைவர். ஃபேன் வேகம், மெமரி ஒதுக்கீடு, மானிட்டர் ரெசல்யூஷன் எல்லாவற்றிலும் அதற்குக் கை உண்டு.

இன்னொரு முக்கியமான விஷயம். டிரைவரின் ஒரு பகுதி ஓடுவது விண்டோஸின் 'கெர்னல்' என்கிற உள்அறையில். சாதாரண ஆப் ஒன்று க்ராஷ் ஆனால் அந்த ஆப் மட்டும் மூடும். கெர்னலில் இருப்பது சொதப்பினால் மொத்த கம்ப்யூட்டரும் படுத்துவிடும். 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் கெர்னல் டிரைவர் படிக்கிற ஒரு ஃபைல் தப்பாக வந்ததில், உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டின. நம்ம நாட்டு ஏர்போர்ட்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அது கிராபிக்ஸ் டிரைவர் இல்லைதான். ஆனால், கிராபிக்ஸ் டிரைவரும் அதே உள்அறைக்கு சாவி வைத்திருக்கும் ஆள். 2007-ல் விண்டோஸ் விஸ்டா வந்த புதிதில் பதிவான க்ராஷ்களில் கிட்டத்தட்ட 29 சதவிகிதம் என்விடியா டிரைவர்களால் வந்தவை என்பது, பின்னர் ஒரு வழக்கில் வெளியான மைக்ரோசாஃப்ட்டின் உள் ஆவணங்களில் தெரியவந்தது.

வாங்கும் முன்: 'டிரைவர் எதுவரைக்கும் வரும்?'

பால் பாக்கெட்டில் தேதி பார்க்கிறோம். கார்டுக்கும் அப்படி ஒரு தேதி உண்டு. ஆனால் டப்பாவில் அச்சடித்திருக்காது. செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்கணும்.

* என்விடியா ஜிடிஎக்ஸ் 750, 900 மற்றும் 1000 சீரிஸ்: 1050 டிஐ, 1060 எல்லாம் இதில்தான் வரும். இவற்றுக்கான வழக்கமான கேம் ரெடி டிரைவர்கள் 2025 அக்டோபரோடு முடிந்தன. 2028 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான் என்று நிறுவனம் அறிவித்திருக்கிறது. பழைய கேம்கள் ஓடும். ஆனால், புதிதாக வரும் கேமில் பிரச்னை இருந்தால் அதைச் சரிசெய்து டிரைவர் வராது.

* ஜிடிஎக்ஸ் 1650, 1660: பெயரில் ஜிடிஎக்ஸ் இருந்தாலும் இவை அடுத்த தலைமுறை சிப்கள். மேலே சொன்ன முடிவுப் பட்டியலில் இவை இல்லை. ஒரே விலையில் 1060-ம் 1660-ம் கிடைத்தால் எதை எடுக்கணும் என்று இப்போ புரியும்.

* இன்டெல் ஆர்க்: விலைக்கு நல்ல சரக்கு. ஆனால், மதர்போர்டு பயாஸில் 'ரீசைஸபிள் பார்' என்ற வசதி ஆன் ஆகியிருந்தால்தான் முழு வேகம் கிடைக்கும். பழைய போர்டுகளில் இந்த வசதியே இல்லாமல் இருக்கலாம். வாங்கும் முன் உங்க மதர்போர்டு மாடலைத் தேடிப் பாருங்க.

* விண்டோஸ் 10-லேயே இருக்கீங்களா? அதற்கான மைக்ரோசாஃப்ட்டின் இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கு மட்டும் விண்டோஸ் 10 கேம் ரெடி டிரைவர் 2026 அக்டோபர் வரை என்று என்விடியா சொல்லியிருக்கிறது.

'அப்போ பழைய கார்டே வாங்கக் கூடாதா?' அப்படி இல்லை. 'டிரைவர் சப்போர்ட் முடிஞ்ச கார்டுண்ணே, பார்த்துச் சொல்லுங்க' என்று விலையைக் குறைக்க உங்களிடம் நியாயமான ஒரு காரணம் இருக்கிறது. அவ்வளவுதான்!

போலி கார்டைக் காட்டிக்கொடுக்கும் டிரைவர்

பத்து வருஷத்துக்கும் மேலான ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற கார்டுகளின் பயாஸை மாற்றி எழுதி, '1050 டிஐ' என்று பெயர் காட்ட வைத்து விற்கும் வேலை உலகம் முழுக்க நடந்திருக்கிறது. வெளியே புது ஃபேன், புது ஸ்டிக்கர். விண்டோஸே அந்தப் பெயரை நம்பிவிடும். ஆனால், நிறுவனத்தின் ஒரிஜினல் டிரைவரைப் போட்டதும் குட்டு வெளிப்படும். பெயர் ஒன்று, சிப் வேறொன்று என்பதால் டிரைவர் ஏறாது. இல்லைன்னா எரர் காட்டும்.

இதற்கு ஓர் இலவச டூல் இருக்கு. பெயர், ஜிபியூ-இஸட். 2018-ல் வந்த 2.12 வெர்ஷனிலிருந்து, இப்படிப் பெயர் மாற்றிய என்விடியா கார்டுகளை 'ஃபேக்' என்று கார்டு பெயருக்கு முன்னாலேயே போட்டுக் காட்டிவிடும். பென் டிரைவில் எடுத்துட்டுப் போங்க. கடை சிஸ்டத்தில் மாட்டி, டிரைவர் ஏற்றி, ஜிபியூ-இஸட் திறந்து காட்டச் சொல்லுங்க. சீரியல் நம்பரோடு பில்லும் கேளுங்க. நேர்மையான கடைக்காரர் இதற்கெல்லாம் கோவிச்சுக்க மாட்டார்.

மாட்டும் முன்: முதல் நாள் ராத்திரி வேலைகள்

புது கார்டு கையில் இருக்கும்போது பொறுமை வராது. தெரியும். ஆனாலும் இந்த ஐந்தை முடித்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுங்க.

1. டிரைவரை முதலில் டவுன்லோட் பண்ணுங்க. ஃபைல் கிட்டத்தட்ட 1 ஜிபி வரை வரலாம். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் தினசரி டேட்டா லிமிட்டோடு இருந்தால் அன்றைய கோட்டா இதிலேயே காலி. வைஃபை இருக்கும் இடத்தில் எடுத்து பென் டிரைவில் வெச்சுக்கோங்க.

2. என்விடியா, ஏஎம்டி, இன்டெல் நிறுவனங்களின் சொந்தத் தளத்தில் மட்டும் எடுங்க. கூகுளில் தேடினால் மேலே வரும் விளம்பரத்தையோ, 'உங்க டிரைவர் எல்லாம் பழசு, ஒரே கிளிக்கில் சரி பண்றோம்' என்கிற ஆப்பையோ தொடாதீங்க. 2022-ல் என்விடியாவிலிருந்து திருடப்பட்ட டிஜிட்டல் சான்றிதழ்களை வைத்து, வைரஸ்களுக்கு 'இது ஒரிஜினல்' என்று முத்திரை குத்தியவர்கள் உண்டு. முத்திரையை மட்டும் நம்பிப் பயனில்லை. எங்கிருந்து எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம்.

3. பிட்லாக்கர் ரெகவரி கீயை எழுதி வைங்க. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம்தான் செய்யப்போறீங்க என்றால், இதைச் செய்யுங்க. விண்டோஸ் 11 உள்ள பல கம்ப்யூட்டர்களில், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் லாகின் செய்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டப்பட்டிருக்கும். உங்களுக்கே தெரிந்திருக்காது. கார்டு மாற்றினாலோ, பயாஸில் கை வைத்தாலோ விண்டோஸ் சந்தேகப்பட்டு 48 இலக்க கீயைக் கேட்கலாம். அது இல்லை என்றால் ஃபைனல் இயர் புராஜெக்ட், எடிட் பண்ணிக்கொண்டிருந்த கல்யாண வீடியோ, குடும்ப போட்டோ எதையும் திறக்க முடியாது. கார்டு போனால் காசோடு போகும். இது போனால் திரும்பவே வராது. போனில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டைத் திறந்து, உங்க டிவைஸ் பகுதியில் இருக்கும் கீயைப் பேப்பரில் எழுதுங்க. வேலை முடியும் வரை பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தியும் வைக்கலாம்.

4. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கா பாருங்க. தினமும் 4 இலக்க பின் போட்டே பழகியிருப்பீங்க. சேஃப் மோடில் சில சமயம் அது வேலை செய்யாது.

5. ரிஸ்டோர் பாயின்ட் ஒன்று போட்டு வைங்க. ஸ்டார்ட் மெனுவில் அந்தப் பெயரைத் தேடினாலே வந்துவிடும். 2 நிமிஷ வேலை.

பழைய டிரைவரை வழியனுப்புவது எப்படி?

என்விடியாவிலிருந்து என்விடியாவுக்கே மாறுறீங்களா? பெரும்பாலும் பெரிய வேலை இல்லை. புது டிரைவரை இன்ஸ்டால் பண்ணும்போது 'கஸ்டம்' தேர்வு செய்து, 'கிளீன் இன்ஸ்டலேஷன்' கட்டத்தை டிக் பண்ணினால் போதும்.

என்விடியாவிலிருந்து ஏஎம்டிக்கோ, ஏஎம்டியிலிருந்து இன்டெல்லுக்கோ கம்பெனி மாறினால் பழசை முழுசாகத் துடைப்பது நல்லது. அதற்கு 'டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்', சுருக்கமாக டிடியூ, என்ற இலவச டூல் இருக்கு. வாக்னார்ட்சாஃப்ட் தளத்தில் கிடைக்கும். செய்யும் வரிசை இது:

* இன்டர்நெட்டைத் துண்டிங்க. லான் கேபிளைக் கழற்றுங்க, வைஃபையை ஆஃப் பண்ணுங்க. இதை விட்டால், நீங்க பழசைத் துடைத்த கையோடு விண்டோஸ் அப்டேட் தன் இஷ்டத்துக்கு ஒரு டிரைவரைப் போட்டுவிடும்.

* ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்க. டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் ரீஸ்டார்ட் பண்ணி, 4-ஐ அழுத்தினால் சேஃப் மோடு.

* டிடியூவைத் திறந்து, ஜிபியூ என்பதையும் பழைய கார்டின் கம்பெனியையும் தேர்வு பண்ணுங்க. கார்டு மாற்றுபவர்களுக்கென்றே 'கிளீன் அண்ட் ஷட்டவுன்' என்ற பட்டன் இருக்கு. அதை அழுத்தினால் துடைத்துவிட்டு கம்ப்யூட்டரே அணைந்துவிடும்.

* ப்ளக்கைப் பிடுங்கிய பிறகு பழைய கார்டைக் கழற்றிப் புதுசை மாட்டுங்க. பவர் கனெக்டர் கடைசி வரை உட்கார்ந்ததா பாருங்க. மானிட்டர் கேபிள் புது கார்டின் போர்ட்டில்தான் போகணும், மதர்போர்டில் இல்லை. 12400எஃப் மாதிரி 'எஃப்' என முடியும் இன்டெல் பிராசஸர்களில் உள் கிராபிக்ஸே கிடையாது. மதர்போர்டு போர்ட்டில் செருகினால் எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் படம் வராது.

* ஆன் பண்ணி, பென் டிரைவில் இருக்கும் டிரைவரைப் போடுங்க. ரீஸ்டார்ட். அப்புறம்தான் இன்டர்நெட்.

நடுவில் கரன்ட் போச்சுன்னா? பதற வேண்டாம். பயாஸ் அப்டேட் நடுவில் கரன்ட் போவதுதான் ஆபத்து. டிரைவர் இன்ஸ்டால் பாதியில் நின்றால், சேஃப் மோடில் போய்த் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கலாம். கார்டுக்கு ஒன்றும் ஆகாது.

மாட்டிய பின்: கார்டா, டிரைவரா?

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய விதி இருக்கு. கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் வரும் மதர்போர்டு லோகோவைக் காட்ட விண்டோஸ் டிரைவர் தேவையே இல்லை. அதனால் முதல் கேள்வி இதுதான்: 'லோகோ வருதா?'

லோகோவே வரலை: டிரைவரைக் குறை சொல்லாதீங்க. கேபிள் போர்ட், பவர் கனெக்டர், கார்டு ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்ததா, பவர் சப்ளை போதுமா, இதையெல்லாம் பாருங்க. மதர்போர்டு ரொம்பப் பழசு என்றால் பயாஸ் அப்டேட்டும் தேவைப்படலாம்.

லோகோ வருது, விண்டோஸ் ஏறும்போது கறுப்பு: டிரைவர் மேல் சந்தேகப்படலாம். விண்டோஸ் ஏறும் நேரத்தில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைங்க. இப்படி ரெண்டு மூணு தடவை செய்தால் ரெகவரி திரை வரும். அதன் வழியாக சேஃப் மோடு போய், டிடியூ போட்டுத் துடைத்து, ஒரு வெர்ஷன் முந்தைய டிரைவரைப் போட்டுப் பாருங்க.

எல்லாமே பெருசு பெருசாகத் தெரியுது: டிவைஸ் மேனேஜரில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருக்கும். டிரைவர் இன்னும் ஏறவில்லை என்று அர்த்தம், வேறொன்றும் இல்லை.

கோட் 43: கார்டு பிரச்னை சொன்னதால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது. சுத்தமாகத் துடைத்துப் போட்டும் வந்தால், கார்டை இன்னொரு சிஸ்டத்தில் மாட்டிப் பாருங்க. அங்கேயும் வந்தால் ஹார்டுவேர் கோளாறு அல்லது போலி. இப்போ கடைக்குப் போகலாம், தப்பே இல்லை.

கேம் நடுவே திரை கறுத்துத் திரும்புது: கார்டு 2 விநாடிக்கு மேல் பதில் தராவிட்டால் விண்டோஸ் டிரைவரைத் தானாக ரீசெட் பண்ணும். எப்போதாவது நடந்தால் விடுங்க. அடிக்கடி நடந்தால் டிரைவர், ஓவர்கிளாக், சூடு, பவர் சப்ளை என வரிசையாகப் பாருங்க. மே மாச மத்தியானம் ஏசி இல்லாத ரூமில் மட்டும் நடந்தால் முதல் சந்தேகம் சூடு மேல்தான். திரை அப்படியே உறைந்துவிட்டால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் ஒன்றாக அழுத்துங்க. டிரைவர் மட்டும் ரீசெட் ஆகும். வேலை சேவ் ஆகாமல் போவதைப் பல நேரம் இது தடுக்கும்.

புது டிரைவர் போட்டதும் கேம் திக்கித் திக்கி ஓடுது: பழைய ஷேடர் கேஷ் போய்விட்டதால் கேம் அதைப் புதிதாகத் தயாரிக்கிறது. கொஞ்ச நேரம் விளையாடிப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்க.

அப்டேட் வந்தால் உடனே போடணுமா?

வேண்டாம். 2010 மார்ச்சில் என்விடியா தன் 196.75 டிரைவரை அவசரமாகத் திரும்பப் பெற்றது. ஃபேன் கட்டுப்பாட்டில் கோளாறு வந்து, கார்டுகள் சூடேறுவதாகப் புகார்கள் குவிந்ததுதான் காரணம். 2025 தொடக்கத்தில் ஆர்டிஎக்ஸ் 50 சீரிஸோடு வந்த 572 வரிசை டிரைவர்களில் கறுப்புத்திரை பிரச்னை வந்து, அடுத்தடுத்த வெர்ஷன்களில் சரிசெய்ய வேண்டியிருந்தது. பெரிய கம்பெனி என்பதால் தப்பே வராது என்றில்லை.

அதற்காக வருஷக்கணக்கில் அப்டேட்டே போடாமலும் இருக்கக் கூடாது. டிரைவரில் பாதுகாப்பு ஓட்டைகளும் கண்டுபிடிக்கப்படுகின்றன. கெர்னலுக்குச் சாவி வைத்திருக்கும் ஆள் ஆச்சே! நடுவழி இதுதான்: புது வெர்ஷன் வந்தால் ஓரிரு வாரம் பொறுங்க. ரிலீஸ் நோட்ஸில் 'தெரிந்த பிரச்னைகள்' என்ற பகுதியைப் படிங்க. உங்க கேமோ, சாஃப்ட்வேரோ அதில் இல்லை என்றால் போடுங்க.

வடபழனி, சாலிகிராமம், அசோக் நகர் பக்கம் எடிட்டிங், விஎஃப்எக்ஸ் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு தேர்வும் இருக்கு. என்விடியா 2019-லிருந்து 'ஸ்டுடியோ டிரைவர்' என்று தனியாகத் தருகிறது. கேம் ரெடி, புது கேம் ரிலீஸுக்கு ஓடிவரும் டிரைவர். ஸ்டுடியோ, எடிட்டிங் சாஃப்ட்வேர்களில் கூடுதலாகச் சோதித்து நிதானமாக வருவது. கேமும் அதில் ஓடும். வேலைதான் சோறு போடுகிறது என்றால் ஸ்டுடியோவைத் தேர்ந்தெடுங்க. டெலிவரிக்கு முந்தின ராத்திரி மட்டும் எந்த அப்டேட்டையும் தொடாதீங்க.

அப்டேட் காலை வாரிவிட்டால், டிவைஸ் மேனேஜரில் கார்டின் பிராபர்ட்டீஸ் திறந்து 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்தால் பழையது திரும்பும். ஆனால், டிடியூ போட்டுத் துடைத்திருந்தால் அந்தப் பட்டன் மங்கிக் கிடக்கும். திரும்பிப் போக அங்கே பழசு எதுவும் மிச்சம் இருக்காது. அதனால்தான், உங்க சிஸ்டத்தில் நல்லா ஓடின டிரைவர் ஃபைலை அழிக்காமல் பென் டிரைவிலேயே வெச்சிருக்கச் சொல்றது. பெயரோடு தேதியையும் சேர்த்து எழுதிடுங்க. அதே பென் டிரைவில் டிடியூ, ஜிபியூ-இஸட் ரெண்டையும் போட்டு வைங்க. உங்க கார்டு விலையோடு ஒப்பிட்டால் ரொம்பக் கொஞ்சமே ஆகும் அந்த பென் டிரைவ், ஒருநாள் ராத்திரி 12 மணிக்கு அந்தக் கார்டையே காப்பாத்தும்.